கல்லறையில் வாசித்த இரண்டு பெயர்கள்

தமிழ் டைப்ரைட்டரில் சிலுவைக்குச் சாவி கிடையாது. இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் அதை அடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. விரல் பறக்கிறது என்று நாலு பேர் சொல்லக் கேட்டு ஏறிய திமிர் வேறு.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசி ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். "கண்ணு தாள்ல இருக்கணும், விரல் சாவியில இருக்கணும், மனசு ரெண்டுலயும் இருக்கக்கூடாது" என்பதுதான் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற முதல் பாடம். அர்த்தம் பார்த்துக்கொண்டே அடித்தால் வேகம் வராது. அதே பாடத்தைத்தான் கோயிலிலும் நடத்திக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பெண்கள் எட்டுப் பேர் கூடுவோம். குருக்களுக்காக ஜெபிக்கிற கூட்டம். ஆண்டவர் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்டது வியாழக்கிழமை, குருத்துவம் பிறந்தது அன்றைக்கு, அதனால் அந்தக் கிழமை. ஜெபமாலை முடித்துவிட்டு, சாமியார்களுக்கு உடம்பு சுகம் கொடும், சோதனையில் விழாத மனசு கொடும், தனிமையைத் தாங்குகிற தைரியம் கொடும் என்று வரிசையாகக் கேட்போம். கேட்போம் என்றால், வாய் கேட்கும். என் மனசு வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று போயிருக்கும். ரிட்டயர் ஆன நர்சம்மா ஒருவர்தான் எங்களுக்குத் தலைவி. ஆஸ்பத்திரியை விட்டு வந்தாலும் அதட்டலை விட்டு வரவில்லை அவர்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு மரித்தவர்களின் பெயர்களைக் கல்லறைத் தோட்டத்தில் வாசித்து, ஒவ்வொரு ஆத்துமாவுக்காகவும் வேண்டுவது எங்கள் வழக்கம். வீட்டுக்கு வீடு பெயர் எழுதித் தருவார்கள். அந்த வருஷம் அதையெல்லாம் சேர்த்து டைப் அடிக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. கூடவே நர்சம்மா ஒரு பழைய நோட்டையும் கையில் திணித்தார். எங்கள் பங்கில் இருந்த சாமியார்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. வியாழக்கிழமை நாங்கள் பார்த்து ஜெபிக்கிற நோட்டுதான். காலமானவர்கள் பெயருக்கு முன்னால் மட்டும் பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை போட்டிருக்கும்.

"ஏட்டி, சிலுவ போட்டவங்க பேர மட்டும் கடைசியில சேத்து அடிச்சிரு. நம்ம சாமியார்மார நாமளே மறந்துட்டா எப்படி?" என்றார்.

நான் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டேன். பதினோரு பெயர். கடைசி இரண்டு பெயருக்குச் சிலுவை இல்லை. ஒருவர், ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருந்த வயசாளிச் சாமியார். நாங்கள் பெரிய சாமி என்போம். இன்னொருவர் அப்போது எங்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்த பங்குச் சாமியார். தாளை உருவி, ஒரு பார்வை பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று பெருமையோடு, சாமிக்குக் கூடமாட உதவுகிற கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்லறைத் திருநாளன்று விடிந்ததிலிருந்து மழை. மெழுகுதிரி எதுவும் நிற்கவில்லை. பங்குச் சாமிக்கு ஐம்பது வயசு இருக்கும், ஆறடி ஆள். ஊரெல்லாம் மோட்டார் சைக்கிளில் சுற்றுவார். அருவியில் தண்ணீர் விழுகிற காலம் பூராவும் திங்கட்கிழமையானால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர், கோயில்பிள்ளை குடை பிடிக்க, பெயர்களை மளமளவென்று வாசித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள், இந்த ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி கொடும் என்று பதில் சொன்னோம். நூறு பெயருக்கு மேல் இருக்கும். புடவை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது.

பெரிய சாமியின் பெயர் வந்தது. பதில் சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் சாமி அடுத்த பெயரையும் வாசித்துவிட்டார். அவருடைய பெயர். அவர் வாயாலேயே. கூட்டமும் அதே வேகத்தில் அவருக்கு இளைப்பாற்றி கேட்டது. ஐயோ, என் வாயும் கேட்டது!

அப்புறம் ஒருவரும் அசையவில்லை. சாமி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கப் போனார்.

நர்சம்மா என் கையைப் பிடித்து மதிலோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"பாவி மட்ட, என்ன காரியம் பண்ணிட்ட! உசுரோட நடமாடுத மனுசனுக்குச் செத்தவங்க ஜெபம் சொல்ல வச்சிட்டியே!"

"தெரியாம நடந்துட்டு நர்சம்மா."

"நான் வாயத் தெறக்க மாட்டேன். நீயும் மூச்சு விடாத. நாளையிலேந்து ஒம்பது நாள் நவநாள் சொல்லுவோம். யாரும் கேட்டா, பொதுவா குருக்களுக்குன்னு சொல்லிக்கிடலாம்."

நவநாள் சொன்னோம். அந்த ஒன்பது நாளும் என் மனசு குழம்புப் பக்கம் போகவே இல்லை. 'ஆண்டவரே, அவரைச் சாகவிடாதேயும்' என்று தரையில் நெற்றி படக் கேட்டேன். ஆனால் ஊர் வாயை எந்த நவநாளால் மூட முடியும்? தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "கல்லறையில கூப்பிட்ட பேரு, அடுத்த கல்லறைத் திருநாளுக்குள்ள ஒண்ணு ஆகாம போவாது" என்றாள். குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து கோயில் மணி விழுந்தால் கைவேலையை அப்படியே நிறுத்திவிடுவேன். யாராவது இறந்தால் எங்கள் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. இன்ஸ்டிடியூட்டில் இருபது மிஷின் தடதடக்கும்போதும் என் காது அதற்குத்தான் திறந்திருந்தது. மத்தியான மணி அடித்தால்கூட இரண்டாவது அடி விழும்வரை மூச்சு விடமாட்டேன்.

இன்ஸ்டிடியூட் முதலாளி அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதி பூசியவர், நல்ல மனுஷர். "என்னம்மா, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரித்தார். "இதுக்கா இந்தப் பாடு? உசுரோட இருக்கவர செத்துட்டாருன்னு சொன்னா ஆயுசு கூடும்மா. எங்க மாமாவுக்கு அப்படித்தான் தந்தி மாறி வந்து, எல்லாரும் அழுது முடிச்சோம். அதுக்கப்புறம் பதினஞ்சு வருசம் எங்களப் படுத்தி எடுத்துட்டுத்தான் போனாரு!"

இது வேதத்துக்கு அடுக்காத பேச்சு என்று தெரியும். இருந்தாலும் பற்றிக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சோறு இறங்கியது.

கார்த்திகை பிறந்தது. குற்றாலத்தில் ஐயப்பசாமிமார் கூட்டம். மேலே மழை கொட்டி அருவியில் வெள்ளம் வந்து, இரண்டு நாள் யாரையும் குளிக்கவிடவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் கோயில் வழியாகச் சுற்றிப் போய், சாமியாருடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றது. அடுத்த திங்கட்கிழமையும் நின்றது. வெள்ளம் வடிந்து அருவி நன்றாக விழுந்த பிறகும் அங்கேயேதான் நின்றது. செங்கோட்டைப் பக்கம் பூசைக்குப் போவதென்றாலும் பஸ்ஸில் போனார். ஆளும் இளைத்துவிட்டார். எனக்கு அது போதாதா? வியாதி வந்துவிட்டது, என் பட்டியல் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம் துக்க மணி அடித்தது. ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி. பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படி இறங்கி ஓடினேன். வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. கோயில் வாசலில் சாமி நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு தந்தியோடு. உயிரோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

"பெரிய சாமி போயிட்டாருமா" என்றார்.

பட்டியலில் கடைசி இரண்டு பெயர். ஒன்று போய்விட்டது. சாமியின் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. ஒரு மனுஷர் செத்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்க, நான் அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேனே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அண்ணாச்சி சொன்ன ஆயுசுக் கணக்கும் அதோடு போயிற்று. இனி அடுத்த பெயர்தான் என்று தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்தேன். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமி உட்கார்ந்திருந்தார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டேன்.

"சாமி, அந்தப் பட்டியல அடிச்சது நான்தான்."

"தெரியும்மா. நம்ம கோயில்ல தமிழ் டைப் அடிக்கதுக்கு வேற யாரு இருக்கா?" என்றார். "இது பாவசங்கீர்த்தனத்துல சொல்லுத பாவமில்ல. எந்திரிச்சு வெளிய வா."

வெளியே வந்து பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். என்னை மறு ஓரத்தில் உட்காரச் சொன்னார். சாமியாருக்குச் சமமாக பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பெரிய சாமிய நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதேன்.

"அவருக்கு எம்பது தாண்டியாச்சு, நெஞ்சுவலி ரொம்ப நாளா இருந்துச்சு. கண்டதப் பேசாத. நீ பாக்காம அடிச்ச. நான் பாக்காம வாசிச்சேன். என் பேர வாசிக்கும்போது எனக்கு என்ன நெனப்பு தெரியுமா? மழ எப்ப விடும், போயி எப்ப ஒரு காப்பி குடிக்கலாம்னு. அத்தன ஆத்துமாவையும் அப்படித்தாம்மா வாசிச்சேன்."

அவர் பீடத்தைப் பார்த்தபடியே, "பயமா இருக்கும்மா" என்றார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமா சாமி, ரொம்ப" என்றேன்.

"ஒனக்கில்ல. எனக்கு."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"அருவிக்குப் போயி நாலு மாசமாச்சு. தலையில தண்ணி விழுந்தா மூச்சு நின்னுருமோன்னு இருக்கு. வண்டியத் தொட முடியல. டாக்டரு ஒண்ணுமில்லங்காரு. சாகப்போறவங்க காதுல பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு இருபத்தஞ்சு வருசமாச் சொல்லுதேன். என் காதுல சொல்ல ஆளில்ல."

அவருக்கு வியாதி வரும், விபத்து வரும், சாவு வரும் என்றெல்லாம் நினைத்து நினைத்து நான் உருகியிருந்தேன். பயம் வரும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. சாமியார் குடியிருக்கிற அத்தனை பெரிய பங்களாவில் அந்த நாலு மாசமும் அந்தத் தாளோடு அவர் தனியாக இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"வியாழக்கிழம கூடி எனக்கு என்னதான் கேக்கீங்க?" என்றார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நீங்க சாகக்கூடாதுன்னு கேட்டேன் சாமி. பழி எம்மேல வந்துரும்னு கேட்டேன். உங்களுக்காகக் கேக்கல."

அவர் கோபப்படுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் லேசாகச் சிரித்தார்.

"சரி, இப்பக் கேளு. எனக்காகக் கேளு. சாகாம இருக்கணும்னு கேக்க வேண்டாம். இந்தப் பயத்த எடுத்துரணும்னு கேளு."

அவர் அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த கல்லறைத் திருநாளைத் தாண்டி, வேறு பங்குகளுக்கு மாற்றலாகி, தலை நரைக்கும்வரை இருந்தார். ஆனால் அன்றைக்கு அந்த பெஞ்சில் அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முழங்காலிட்டேன். அவரும் பக்கத்தில் முழங்காலிட்டார். எனக்குச் சொந்தமாக ஜெபிக்க வராது, தெரிந்ததெல்லாம் மனப்பாடம்தான். மாதாவின் ஜெபத்தை ஆரம்பித்து, ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று சொன்னேன். பாவிகளாகிய எங்களுக்காக இப்போதும் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று அது முடியும். பேச்சு வந்த நாளிலிருந்து நான் சொல்லிவருகிற ஜெபம். 'இப்போதும்' வரைக்கும் சொல்லிவிட்டேன். அடுத்தது 'மரண நேரத்திலும்'. அதைச் சொல்ல வாய் வரவில்லை. திரும்ப ஆரம்பித்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டேன்.

சாமி எனக்காகக் காத்திருந்தார். நான் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும், விட்ட இடத்திலிருந்து அவரே தொடங்கி, அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தார். நான் ஆமென் சொல்ல வெகுநேரம் பிடித்தது.