பிஸ்டல் தோட்டா போடும் ரிவால்வர்

துபாய்ப் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் எனக்குக் கவுண்டர் டியூட்டி. வாராவாரம் ஒரு முதிய அரபி வருவார். வெள்ளைத் தாடி, தூக்கம் காணாத கண்கள். பிஸ்டல் தோட்டா போடும் ரிவால்வர்களாகப் பார்த்துச் சேர்ப்பவர். விளிம்பில்லாத அந்தத் தோட்டாக்களை ஒரு தகட்டு வளையத்தில் மாட்டித்தான் அவற்றில் போட வேண்டும். அந்த மாட்டும் வேலையை மட்டும் யாரிடமும் தரமாட்டார்.

ஒரு வாரம் அவர் விரல்கள் நடுங்கின. தோட்டாக்கள் மேஜையில் உருண்டன.

"குடுங்க பாபா, நான் மாட்டித் தர்றேன்" என்று அரைகுறை இந்தியில் சொல்லி, மாட்டிக் கொடுத்தேன்.

அவர் வளையத்தையே பார்த்தார். என்னை 'சதீக்', அதாவது நண்பன், என்றுதான் கூப்பிடுவார்.

"சுடுறது வெறும் சத்தம்தான் சதீக். எனக்குப் பிடிச்சது இதை மாட்டுறது. இனி கலாஸ், முடிஞ்சுது."

சுடாமலேயே ரிவால்வரைப் பெட்டியில் வைத்தார். என் கையை அழுத்திவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. நான் உதவினேனா, எதையாவது பறித்தேனா? டியூட்டி முடிந்து, நாங்கள் தங்கும் கேம்புக்குப் போகும் பஸ்ஸில் சாயும்போது இன்றும் யோசிக்கிறேன்.