தழைச்சத்து மிஞ்சிய எலுமிச்சை

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கொல்லையில் ஓர் எலுமிச்சை நின்றது. புளியங்குடியில் என் மாமனார் தோட்டத்தை விற்ற வருடம், என் மனைவி அங்கிருந்து பதியன் போட்டு எடுத்து வந்து நட்டது. அந்தத் தோட்டத்தில் அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

நட்டது அவள், வளர்த்தது நான் என்று பீற்றிக்கொள்வேன். அலுவலகம் விட்டு வரும்போது யூரியா வாங்கி வந்து பிடி பிடியாகப் போட்டேன். மரம் கருகருவென்று தழைத்தது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

"இன்னும் போடுங்க. எலையப் பறிச்சு ஊறுகா போடுவோம்" என்பாள். யூரியாவில் இருப்பது தழைச்சத்து. இலைக்கும் தண்டுக்கும் அதுதான் உயிர். அளவு மிஞ்சினால் மரம் இலை விடுவதிலேயே இருக்கும், பூக்காது. இதெல்லாம் அவளுக்குப் பிறந்த வீட்டிலேயே தெரிந்த சங்கதி. என்னிடம் விளக்கிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. உரப்பையைத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரர் வந்தார். கொல்லையை ஒட்டி அவருடைய விசைத்தறிக் கொட்டகை. நடுவே சுவர் கிடையாது. கொட்டகையை நீட்ட வேண்டும், மரம் இடிக்கிறது என்றார்.

"காய்க்காத மரத்த வச்சு என்ன செய்யப் போறீய? வெட்டிருவோம் தாயி."

"மழைக்குப் பூத்திரும் அண்ணாச்சி. அதுவரைக்கும் பொறுங்க."

"சரி, மழை வரைக்கும். அதுக்கு மேல கேக்கப்பிடாது."

யூரியாவை நிறுத்தியும் இலையின் கருமை குறையவில்லை. எங்கிருந்து தின்கிறது என்று அவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் கண்டுபிடித்துவிட்டாள். தறி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஒதுங்குவது அந்த மரத்தடியில்தான். "நீங்க நிப்பாட்டி என்ன? அவுகல்லாம் போட்டுக்கிட்டுல்லா இருக்காவ!" என்று வந்து சொன்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிறுநீரில் இருப்பதும் அதே தழைச்சத்துதான்.

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். இவள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்தைச் சுற்றிக் கருவேல முள்ளைப் போட்டாள். கொல்லையின் மறு மூலையில் குழி எடுத்து, சருகை நிரப்பி, ஓலைத் தட்டி கட்டி மறைத்தாள். மறைவும் நிழலும் கிடைத்ததும் ஆட்கள் தாமாகவே அங்கே போனார்கள். குழிச் சருகு மட்கிக் கீரைப் பாத்திக்கு எருவானது. மரத்தடியில் காய்ந்த கடலைத் தோலைப் போட்டுக் கொத்திவிட்டாள். அது மட்கும்போது மண்ணில் மிஞ்சிக் கிடக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமை. அலுவலகத்தில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

இலை வெளுக்கத் தொடங்கியதும் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினேன். "பட்டுப்போயிருமோ?" என்றேன்.

"போகாது. இப்பம்தான் பசின்னா என்னன்னு அதுக்குத் தெரியுது. சும்ம இருங்க."

சொன்னாளே தவிர, அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் வீட்டுக்காரர் கொத்தனாரோடும் கோடாலியோடும் வந்தார். என் மனைவி ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்தாள். கணுவுக்குக் கணு மொட்டு. சில விரிந்தும் இருந்தன. அவர் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு கொத்தனாரிடம், "வே, அளவு நூல மரத்த விட்டுத் தள்ளிப் பிடியும். சுவரு வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போவுது" என்றார்.

அவர்கள் போகும்வரை சிரித்த முகமாகவே நின்றாள். தோட்டம் கைமாறிய அன்றுகூட அழாதவள், அதன் பிறகு ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.