கம்பி கட்டிய ஆரஞ்சு மரம்

ஊரில் பாதி வீடுகளுக்கு மின்சார வேலை பார்ப்பவர் அவர்தான். கையில் ஒரு முழம் கம்பி கிடைத்தால் போதும், உலகத்தையே நிமிர்த்திவிடுவார். அவர் வீட்டு நாற்காலிக் கால், குடை, மூக்குக் கண்ணாடி எல்லாம் கம்பியால்தான் உயிரோடு இருந்தன. அதனால் அவருக்குப் பெயரே ‘கம்பி’ என்றாகிவிட்டது.

கொல்லையில் நின்ற ஆரஞ்சு மரத்தின் மேல் அவர் உயிரையே வைத்திருந்தார். அந்த மகராசியோ வைத்த நாளிலிருந்து இலையைத் தவிர எதையும் கண்ணில் காட்டியதில்லை.

"இந்த வருஷமும் காய்க்கலைன்னா வெட்டிட்டு அங்க ஒரு ரூம் போட்டுடணும்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால், ஒரே ஒரு கிளை மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. போன வருஷம் துணி காயப்போடுவதற்காக அவர் கம்பியை இறுக்கிச் சுற்றிய கிளை! அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஏணியைப் போட்டு ஏறியவர், மத்தியானத்துக்குள் ஒரு கிளை விடாமல் கம்பியைச் சுற்றி முறுக்கித் தள்ளினார். அடிமரத்தைக்கூட விடவில்லை.

நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் மச்சினி அன்றைக்கு வந்தது அந்த மரத்தின் நல்ல நேரம்.

"அத்தான்! மரத்தைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்களா?"

"பூக்க வைக்கிறேம்மா!"

"இலைதானே வெயில்ல சர்க்கரை பண்ணுது? அது உள்பட்டை வழியா இறங்கித்தான் வேருக்குப் போகணும். நீங்க கட்டின கிளையில அந்த வழி அடைச்சுப்போச்சு. தண்ணி நடுக்கட்டை வழியா எப்பவும்போல மேல ஏறிடுச்சு. சர்க்கரை மட்டும் இறங்க முடியாம அங்கயே சேந்துடுச்சு. அந்தச் செழிப்புலதான் பூத்திருக்கு. எல்லாத்தையும் கட்டினா வேர் எதைத் தின்னும்?"

கம்பிக்குக் குப்பென்று வியர்த்தது. கட்டியதை அவிழ்த்தே பழக்கமில்லாத மனிதர், குறடும் கையுமாக மறுபடி ஏறி, மரத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தார். பூத்த கிளையில் இருந்ததையும் விட்டுவைக்க மச்சினி சம்மதிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் கிளையையே அறுத்துவிடுமாம்.

அந்த ஒற்றைக் கிளையில் காய்த்தது ஒரு கூடைகூட நிரம்பாது. பழுத்ததும் முதல் பழத்தை உரித்து மனைவியிடம் நீட்டினார்.

அவள் ஒரு சுளையை வாயில் போட்டாள். இன்னொன்றைப் போட்டாள். முழுப் பழத்தையும் தின்று முடித்து, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"என்னங்க, ரூமை மாடியில போட்டுக்கலாம்" என்றவள், அடுத்த பழத்துக்குக் கையை நீட்டினாள்.