குன்னத்தில் இறங்கியவள்

சென்னையிலிருந்து வந்த பேத்தி ஒரே காலைப்பொழுதில் பதினோரு முறை கேட்டாள்: "அடுத்து என்ன செய்யணும் தாத்தா?" எண்ணாவிட்டால் எனக்கு மனம் நிலைகொள்ளாது. படம் வரையச் சொன்னேன், வரைந்தாள். வண்ணம் தீட்டச் சொன்னேன், தீட்டினாள். உடனே பன்னிரண்டாவது முறை கேட்டாள். ஏழு வயதுக்குள் நீச்சல், நடனம், சதுரங்கம் என்று ஒரு மாலைகூட மிச்சமில்லாதவள். யாரும் எதுவும் சொல்லாத பகலை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைவிட எனக்குத்தான் அது அதிகம் உறுத்தியது.

தெருப்பிள்ளைகள் ஆறு பேர் வந்து கூப்பிட்டார்கள். வெளியே விட வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். விட்டேன். விட்டபின் உட்கார முடியவில்லை.

கொல்லையில் தம்பி வெங்காயம் சேமித்துவைக்கும் பட்டறை இருக்கிறது. கம்பு நட்டு, தரையிலிருந்து உயர்த்திப் படல் கட்டி, கீற்று வேய்ந்தது. நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். விதை வெங்காயத்தை நடவுக்கு எடுத்துவிட்டதால் காலியாகக் கிடந்தது. பிள்ளைகளுக்கு அது பெரம்பலூர் - அரியலூர் பஸ். தேள் இருக்குமோ, படல் முறியுமோ என்று வாசற்படியில் நின்றபடியே தலைகளை எண்ணினேன். ஏழு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன். ஏழு. மூன்றாம் முறை ஆறு.

பட்டறையைத் தாண்டினால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. செருப்பில்லாமல் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. அதுவும் ஆறுதலாக இல்லை.

"எங்க அவ?" என்று பட்டறை வாயில் வந்து நின்று கத்தினேன்.

முன்னால் உட்கார்ந்து சைக்கிள் டயரைத் திருப்பிக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: "குன்னத்துல எறங்கிட்டா தாத்தா."

"குன்னமா? அது ஏழு கிலோமீட்டராச்சே!"

"நீங்க வேற! அந்தா, வேப்பமரம் இருக்குல்ல, அதான் குன்னம்" என்றான் பூவரச இலையைக் கிழித்து டிக்கெட் கொடுத்த கண்டக்டர். "படியில நிக்காதீங்க. ஒண்ணு ஏறுங்க, இல்ல எறங்குங்க."

மரத்துக்குப் பின்னால் பேத்தி உட்கார்ந்திருந்தாள். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் கிடத்தியிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க தாத்தா. காய்ச்சலுக்கு இப்பதான் டாக்டர் ஊசி போட்டாங்க. பாப்பா தூங்குது."

"வா, வூட்டுக்குப் போவலாம்."

"பஸ் வரட்டும்."

"அந்தா தெரியுது வூடு. நடந்துடலாம்."

"கொழந்தைய வச்சுக்கிட்டு இவ்ளோ தூரம் எப்படி நடக்கறது?"

அந்தக் குழந்தையையும் காய்ச்சலையும் ஊசியையும் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்கத்தான் போனேன், முடியவில்லை. கண்டக்டரிடம் போய் பஸ்ஸைத் திருப்பச் சொன்னேன்.

"அரியலூர் போயிட்டுத்தான் திரும்பும். நடுவுல திருப்புனா செக்கிங்ல புடிச்சிடுவாங்க தாத்தா."

பஸ் வரும்வரை கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே வெயிலில் நின்றேன். உள்ளங்கால் கொதித்தது.

சாயங்காலம் கிணற்றைச் சுற்றி முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான்.

"இத்தன வருசமா இல்லாத வேலி இப்ப என்னாத்துக்குண்ணே?"

"நாளைக்கும் பஸ் ஓடுமாம். அந்த முனையப் புடி."