இரட்டைத் தும்மல்

எங்கள் வீட்டு டிவிக்கு மேலே ஒரு அலுமினியத் துண்டு இருக்கிறது. கைமுட்டி அளவு; ஒரு பக்கம் குழாய் வாய், தலையில் நான்கு சின்ன ஸ்க்ரூ. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தா சாதனம்?" என்று மலையாளத்தில் கேட்பார்கள். "அதுவா? எங்க மருமகனுக்க காருக்கு மூக்கு" என்பாள் அம்மா. கேட்டவர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள்.

அக்காவின் கணவரான அத்தான், வளைகுடாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தங்கம் கொண்டுவருவார் என்று எங்கள் சந்து எதிர்பார்த்தது. அவர் இரண்டு பெட்டி நிறைய ஸ்பானர் கொண்டுவந்தார். கொஞ்ச நாளில் ஒரு வியாபாரியின் ஷெட்டில் ஓடாமல் கிடந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, எங்கள் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு காலிச் சரக்குக் கிட்டங்கியில் நிறுத்தினார். இரண்டே கதவு. வெயிலில் வெளுத்த சிவப்பு. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை அத்தான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்; அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அப்போது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்ததால், டர்போ என்றால் என்ன என்பது எங்கள் தெருவில் அத்தானுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும் என்ற பெருமை எனக்கு உண்டு. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து வண்டியின் குணமே மாறும் என்பதைப் புத்தகம் இவ்வளவு ருசியாகச் சொல்லவில்லை. மீன மாத வெயிலில் வண்டி சோம்பிக் கிடக்கும். முன் பம்பரை அறுத்து, காற்றைக் குளிர்விக்கும் பெரிய ரேடியேட்டர் போன்ற ஒன்றை அத்தான் உள்ளே பொருத்தினார். இடவப்பாதி மழை தொடங்கியதும் பின்சக்கரங்கள் தார் ரோட்டில் வழுக்கின; டயர்களை மாற்றினார். தனு மாதக் காலையில் பொன்முடி மலைச்சாலை ஏற்றத்தில் அவரும் அக்காவும் நானும் போவோம். மூடுபனியின் ஈரக் குளிரை உள்ளே இழுத்ததும் வண்டிக்கு வயது குறைந்துவிடும். முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ள, அக்கா சத்தம் போட்டுச் சிரிப்பாள். எங்கள் சந்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பிறகு இந்த மூக்கு வந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது குழாயில் தேங்கும் காற்றை வெளியே விடுகிற வால்வு அது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் 'ஹச்' என்று ஒரு சத்தம் வரும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் விடவில்லை. "அண்ணா, வண்டிக்கு ஜலதோஷமோ? கொஞ்சம் சுக்குக் காப்பி கொடு!" என்று கத்துவார்கள். அத்தானும் கையாட்டிவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு முறை தும்ம வைப்பார்.

அம்மாவுக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால், எடுத்த பையைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிறவள் அவள்; இரட்டையாகக் கேட்டால்தான் கிளம்புவாள். "போற வழியெல்லாம் தும்முற வண்டியில மனுசன் ஏறுவானா?" என்பாள். "அது வெறும் காத்துதாம்மா" என்று நான் விளக்கப் போனால், "தும்மலும் காத்துதானடி" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த வருஷம்தான் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. எத்தனை மாதம் மறைத்து வைத்திருந்தாளோ, அக்கா கண்டுபிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'மத்தது' என்றுதான் சொன்னோம். மத்ததாக இருக்குமோ, மத்ததாக இருக்காது. முடிவு தெரிகிற நாளில் பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று அத்தான் காரைச் சந்து முனைக்குக் கொண்டுவந்தார். பின் சீட்டுக்குள் குனிந்து நுழைய அம்மாவால் முடியாது. அக்காவும் நானும் பின்னால் மடங்கிக்கொண்டோம். அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

வண்டி பத்தடி நகர்ந்தது. கியர் மாறியது. ஹச்.

"நிறுத்துங்க மாப்ள" என்றாள் அம்மா. கை ஏற்கனவே கதவுப் பிடியில் இருந்தது. "இன்னைக்கி வேண்டாம். நாளைக்கிப் போலாம்."

"எம்மா, டாக்டர் இருக்கமாட்டாங்க" என்றாள் அக்கா.

"வேண்டாம்னா வேண்டாம். எனக்குத் தெரிஞ்சாச்சு."

விளக்கம் சொல்ல வேண்டியவள் நான்தான். ஆனால் இன்னொரு தும்மல் வராதா என்று நானும் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

அத்தான் கியரை விடுவித்து ஆக்சிலரேட்டரை அழுத்திக் காலை எடுத்தார். மெலிதாக இன்னொரு ஹச்.

"ரெண்டாச்சு அத்தை" என்றார். "இரட்டைத் தும்மல் நல்லதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"நீங்க தும்ம வச்சது கணக்கில்லை மாப்ள."

"மொதல்ல தும்மினதும் நான் தும்ம வச்சதுதான் அத்தை. கியரு போட்டது நான்தானே. எடுத்தா ரெண்டையும் கணக்குல எடுங்க. இல்லேன்னா ரெண்டையும் விடுங்க."

அம்மா அவரைப் பார்த்தாள். நல்ல வக்கீலைப் பார்க்கிற பார்வை. பிறகு கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "செரி, போங்க" என்றாள்.

டாக்டர் ஒரு மலையாள அம்மாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும், உட்காரக்கூட விடாமல், "பேடிக்கேண்டா அம்மே, வெறும் கொழுப்புக் கட்டியாணு" என்றார். அம்மாவுக்குப் புரிந்திருக்கும், சாலைக் கடைத்தெருவில் மலையாளம் கேட்டே வளர்ந்தவள். ஆனாலும் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதா?" என்று கேட்டாள். "பயப்பட வேண்டாமாம், வெறும் கொழுப்புக் கட்டிதானாம்" என்று தமிழில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நான் படித்த படிப்பில் அத்தனை இனிப்பான மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை.

வெளியே அத்தான் காரில் சாய்ந்து நின்றிருந்தார். அக்கா ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். அவர் சட்டைக் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா மெதுவாக வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, "கல்லாறு வரைக்கும் போலாமா மாப்ள? இவளுக ரெண்டுபேரும் போனாளுவளே, நான் பாக்கலியே" என்றாள். பொன்முடி அடிவாரத்து ஆறு அது; போனோம். வழியெல்லாம் வண்டி தும்மிக்கொண்டே வந்தது. அம்மா ஒவ்வொன்றுக்கும் "நூறு, எறநூறு" என்று, குழந்தைகள் தும்மினால் சொல்வதுபோல் ஆயுள் கூட்டிக்கொண்டே வந்தாள். ஆற்றங்கரைக் கடையில் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி தின்றுவிட்டு, பாறையில் உட்கார்ந்து ஆற்றில் கால் நனைத்தாள். தண்ணீர் குளிர்ந்ததில் அவளுக்கே ஒரு தும்மல் வந்தது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இரண்டாவதும் வந்தது.

அக்காவுக்குக் குழந்தைகள் பிறந்தபின் இரண்டு கதவு போதவில்லை. அத்தான் காரை விற்றார். விற்பதற்கு முன் இந்த வால்வை மட்டும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்.

இப்போது நான் ஆசிரியை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சிறிய காரில் பள்ளிக்கூடம் போகிறேன். சமர்த்தான வண்டி, சத்தமே போடாது. அது அம்மாவுக்குப் போதாது. காலையில் நான் வண்டியை எடுக்கும்போது வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, நான் கியர் போடுகிற கணத்துக்காகக் காத்திருப்பாள். பிறகு வாயாலேயே, பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக, இரண்டு முறை தும்முவாள்.

ஹச். ஹச்.

அதைக் கேட்டபின்தான் நானும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டியை நகர்த்துகிறேன்.