பிறந்ததிலிருந்து இருந்த எல்லா முகவரிகளும்

வினோஜா இங்கிலாந்தில் விமானப் பொறியியல் படிக்கிறாள் என்றால், புளியங்கூடலில் பாதிப் பேருக்கு அவள் பிளேன் ஓட்டப் படிக்கிறாள். மீதிப் பேருக்கு அவள் பிளேனில் தேத்தண்ணி கொடுக்கப் படிக்கிறாள். சந்தியில் கடை வைத்திருக்கும் லியோன், அவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் "பிள்ளை, எப்ப பலாலி எயாப்போட்டிலை பிளேனைக் கொண்டுவந்து இறக்கப் போறாய்?" என்று கேட்பார். இரண்டு தடவை உட்கார்ந்து விளக்கிப் பார்த்தாள். பிறகு கைவிட்டுவிட்டாள். "அடுத்த வருசம், அண்ணை" என்றால் ஒரு சோடா சும்மா கிடைக்கிறது. உண்மையைச் சொன்னால் ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த ஆடியில் வந்தபோது அவளுக்கு சோடாவும் இறங்கவில்லை. மூன்றாம் வருடம் முடிந்துவிட்டது. அடுத்தது ஒரு விமானத் தொழிற்சாலையில் ஒரு வருடப் பயிற்சி. அது இல்லாமல் பட்டம் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளை அப்படியான தொழிற்சாலைகள் இலேசில் உள்ளே விடுவதில்லை. இருபத்தாறு இடத்துக்கு எழுதி, ஒரே ஒரு இடத்தில் ஓம் என்றார்கள். கூடவே ஒரு பாதுகாப்புப் படிவம் அனுப்பினார்கள். பிறந்த நாளிலிருந்து இன்றுவரை வசித்த எல்லா முகவரிகளையும் எழுத வேண்டும். நடுவில் ஒரு மாதம்கூட விடுபடக்கூடாது. ஒவ்வொரு முகவரிக்கும், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உறவினர் கூடாது.

அவள் அதை இரண்டு நிமிடத்தில் நிரப்பி அனுப்பியிருந்தாள். பிறந்ததிலிருந்து பல்கலைக்கழகம் போகும்வரை, புளியங்கூடல், வேலணை. அந்த வீட்டில் எல்லாப் படிவமும் அப்படித்தான் நிரப்பப்பட்டன. சண்டை அந்தத் தீவுச் சனத்தை ஊரைவிட்டுக் கிளப்பியது அவள் பிறப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தி. ஆனாலும் அப்பா தில்லைநாதன், வன்னியில் கொட்டிலில் குந்தியிருந்துகூட, நிரந்தர முகவரி என்று கேட்ட இடத்திலெல்லாம் புளியங்கூடலையே எழுதினார். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், கூப்பன் அட்டைக்கும் அதுதான். வினோஜா அந்த நிரந்தர முகவரியை முதன்முதலில் கண்ணால் கண்டபோது அவளுக்கு ஏழு வயது. கூரை போன குசினிக்குள், அடுப்படியில், ஒரு வேப்பமரம் நின்றது.

படிவம் திரும்பி வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி என்றிருக்கிறதே, விளக்கம் வேண்டும். பத்து நாளுக்குள் சரியான பட்டியல் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். அதில் நாலு நாள் ஓடிவிட்டது.

கிராம சேவையாளர் அனோஜினியிடம் போனாள். அவர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார்.

"தங்கச்சி, நீர் இஞ்சை பதிஞ்சது ரெண்டாயிரத்துப் பத்து ஆவணி. அதுக்கு முந்தி நீர் என்ரை புத்தகத்திலை இல்லை."

"அப்ப நான் எங்கை அக்கா இருந்தனான்?"

"அது உமக்கெல்லோ தெரியோணும்."

சோளகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது கடதாசிகளை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். ஒரு கடதாசி அவள் புளியங்கூடலாள் என்றது. ஒன்று புதுக்குடியிருப்பாள் என்றது. மூன்றாவதில் ஏழு வயதுவரை அவள் பிறக்கவே இல்லை. போன வருடம் வகுப்பில் ஒரு விரிவுரையாளர் எஞ்சினுக்குள் சுழலும் தட்டொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பளபளவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது செய்யப்பட்ட நாளிலிருந்து எங்கெங்கே இருந்தது என்ற பதிவில் எட்டு மாதம் காணாமற்போயிருந்தது. ஆகவே குப்பை என்றார். வினோஜா அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டாள். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

அம்மா பிரேமினி அலுமாரியின் அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். எத்தனை தரம் ஓடினாலும் கைவிடாத பை அது. உள்ளே வினோஜாவின் கிளினிக் அட்டை இருந்தது. எந்த மாதம், எந்த ஊரில், எத்தனை கிலோ, எந்த ஊசி என்று ஐந்து வயதுவரை எல்லாம் இருந்தது. ஊசி போட்ட மருத்துவமாது இப்போது கிளிநொச்சியில் இருக்கிறார், கேட்டவுடன் சம்மதித்தார். அகதி முகாம் அட்டையும் இருந்தது. வலயம், பகுதி, கூடார இலக்கம் என்று எல்லாம் கொண்ட ஒழுங்கான முகவரி. படிவம் அதை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்துக்குப் போகும்வரை இலக்கம் போட்ட வீடென்று அவள் இருந்தது அந்தக் கூடாரத்தில் மட்டும்தான்.

இரண்டு அட்டைக்கும் நடுவில், கடைசிச் சண்டை நடந்த ஆறு மாதம் விடுபட்டிருந்தது. அந்த ஆறு மாதத்தில் அவளுக்கு ஞாபகம் இருப்பது மணலும், காதைப் பொத்திய அம்மாவின் கையும், மேலே விமானச் சத்தமும்தான். அது எந்த ஊர்ச் சத்தம் என்று அவளுக்குத் தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியை விரித்துவைத்துக்கொண்டு அம்மாவையும் அப்பாவையும் இருத்தினாள். அப்பா கதிரையில் இருந்தபடி, பஸ் நிறுத்தங்களைச் சொல்வதுபோல மளமளவென்று சொன்னார்.

"தருமபுரம். பிறகு சுதந்திரபுரம். பிறகு தேவிபுரம். அங்கையிருந்து நேரை மாத்தளன்."

"இரணைப்பாலையை விட்டிட்டியள்" என்றாள் அம்மா.

"இரணைப்பாலையிலை நாங்கள் நிக்கேல்லை."

"பதினொரு நாள் நிண்டனாங்கள்."

"உனக்கு மாறிப்போச்சு. பிள்ளை, நீ தேவிபுரம், மாத்தளன் எண்டு எழுது. மாதக் கணக்குச் சரியாத்தானே வருது?"

கணக்கு சரியாகத்தான் வந்தது. வினோஜா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். யாரை நம்புவது? பிழையாக எழுதித் தொழிற்சாலைக்காரர் கண்டுபிடித்தால் இடம் போய்விடும். சரி எதுவென்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

"அம்மா, உங்களுக்கு எப்பிடி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

அம்மா எழுந்துபோய்க் குசினிச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைத் தொட்டாள். "லவன்ரை திதி மாசி அபரபக்க ஏகாதசி. அந்த வருசம் அது பெப்ரவரி இருபது. அது நடந்தது தேவிபுரத்திலையே? சொல்லுங்கோ."

லவன் அவளுடைய அண்ணன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. ஒவ்வொரு மாசியும் படத்துக்கு முன்னால் அவனுக்கு இலை போடுவார்கள். வினோஜா அம்மாவோடு இருந்து கத்தரிக்காயும் வாழைக்காயும் வெட்டுவாள். அப்பா சாப்பிட்டுவிட்டு ஒரு கதையும் இல்லாமல் தோட்டத்துக்குப் போய்விடுவார். என்றைக்கு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனை வருடம் கேட்காமல் இருந்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வாய்க்கால் கரை" என்றாள் அம்மா. "பக்கத்திலை ரெண்டு பனை நிண்டது. மற்றது ஒண்டும் சொல்லத் தெரியேல்லை."

வினோஜா தட்டினாள். இரணைப்பாலை, வாய்க்கால் கரை, இரண்டு பனைக்குக் கிட்ட. பதினொரு நாள். அடுத்த பெட்டி, அங்கே இருந்தீர்கள் என்று சொல்லக்கூடியவரின் பெயரைக் கேட்டது.

"பக்கத்துப் பங்கரிலை ஆரம்மா இருந்தது?"

"அன்ரனிட்டா குடும்பம். இருக்கினமோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்?" அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "லவன்ரை பேரைப் போடேலாதே? அவன் இன்னும் அங்கைதானே இருக்கிறான்."

"சொந்தக்காரர் கூடாதாம் அம்மா."

உறவினர் கூடாது என்பது சிவப்பெழுத்தில் கிடந்தது. அவள் அதை ஒருமுறை வாசித்தாள். பிறகு, தில்லைநாதன் லவன், அண்ணன், 2009 பெப்ரவரி 20 இலிருந்து அந்த இடத்திலேயே, என்று எழுதினாள். இதை வைத்து இடத்தைத் தருவார்களோ பறிப்பார்களோ, அவளுக்குத் தெரியவில்லை. படிவம் அதோடு விடவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கம் வேண்டும் என்றது.

மூன்று பேரும் அந்த வெறும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"என்ரை நம்பரைப் போடு" என்றார் அப்பா. "ஆரும் எடுத்துக் கேட்டால், இரணைப்பாலையிலை நிண்டனாங்கள் எண்டு நான் சொல்லுறன்."