மச்சாளின்ர மடக்குக் கதிரை

வெளிக்கிடேக்க "எங்கை?" எண்டு கேட்டால் போற காரியம் சரிவராது எண்டு மச்சாளுக்கு ஒரு நம்பிக்கை. என்ர மனுசனின்ர அக்கா அவ. மொன்ட்ரியாலுக்கு வந்து இத்தனை வருசமாகியும் அது மாறேல்ல. மலை ஏறப் போன அண்டைக்கும், "எந்த ஸ்டேசனில இறங்கிறது?" எண்டு வாசலில கேட்ட என்ர வாயை அவதான் அடக்கினவ. இவருக்குத் தெரியும் எண்டு நான் இருந்தன். எனக்குத் தெரியும் எண்டு இவர் இருந்தார்.

ரயிலால இறங்கினால் கண்ணுக்கு எட்டின தூரம் சோளத் தோட்டம். மலை வேற லைனிலயாம். திரும்பிற ரயில் பின்னேரம்தான். எனக்கு விசர் வந்தது. அதோட மச்சாள் கொண்டுவந்த மடக்குக் கதிரை வேற, ரயில் முழுக்க என்ர காலில இடிச்சபடி.

வேற வழியில்லாமல் சோளத்துக்கு நடுவால போற மண் ரோட்டில நடந்தம். முழங்கால் வருத்தக்காரி மச்சாள் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு முன்னால போறா. கதிரையைக் காவிறது நான்.

"ஒருக்காலும் இதில இருக்கேல்ல. பிறகேன் மச்சாள் இதைக் கொண்டு வந்தனீங்கள்?" எண்டு வெடிச்சன்.

"நீங்கள் ரெண்டு பேரும் மலை ஏறி இறங்குமட்டும் ஸ்டேசனில இருக்கத்தான்," எண்டா, திரும்பிப் பாராமலே.

நான் கதிரையை மற்றத் தோளுக்கு மாத்திக்கொண்டு நடந்தன்.